66 நாள்கள்... கல்லீரல் மாற்றிய பிறகு மிக்கி மேன்டில் ஆடிய கடைசி இன்னிங்ஸ்

1950-களில் அமெரிக்காவில் வளர்ந்த ஒரு பையனிடம், பெரியவனானதும் யார் மாதிரி வரணும்னு கேட்டிருந்தால், நிறையப் பேர் ஒரே பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள். மிக்கி மேன்டில். நியூயார்க் யாங்கீஸ் அணியின் பேஸ்பால் ஹீரோ. அகன்ற தோள், பொன்னிற முடி, ஓட ஆரம்பித்தால் பிடிக்கவே முடியாத வேகம். நம்ம ஊரில் சச்சினுக்கு என்ன இடமோ, அங்கே அவருக்கு அந்த இடம்.

ஆனால், இந்தக் கட்டுரை அவர் அடித்த ஹோம் ரன்களைப் பற்றியது இல்லை. 63 வயதில் கல்லீரல் புற்றுநோய்க்காக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அதற்குப் பிறகு அவர் வாழ்ந்தது வெறும் 66 நாள்கள். சிகிச்சை உடம்பை உருக்கியது. மருந்துகளே புதுப் பிரச்னைகளைக் கொண்டுவந்தன. நாடு முழுக்க விமர்சனம் வேறு. அந்த நாள்களை அவர் எப்படிக் கடந்தார்? அங்கே போவதற்கு முன்னால், அவர் எங்கிருந்து வந்தார்னு பார்த்துடலாம்.

சுரங்க ஊர்ப் பையன்

1931 அக்டோபர் 20-ல் ஓக்லஹோமா மாநிலத்தின் ஸ்பாவினா என்ற சிற்றூரில் பிறந்தார் மிக்கி. வளர்ந்தது காமர்ஸ் என்ற ஊரில். ஈயமும் துத்தநாகமும் தோண்டும் சுரங்கங்கள் சூழ்ந்த ஊர். அப்பா மட் மேன்டில் சுரங்கத் தொழிலாளி, கூடவே பேஸ்பால் பைத்தியம். தன் அபிமான வீரர் மிக்கி காக்ரேன் பெயரையே மகனுக்கு வைத்தார்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் பயிற்சி ஆரம்பம். அப்பா வலது கையால் பந்து வீசுவார், தாத்தா இடது கையால் வீசுவார். பையன் அதற்கேற்ப இரண்டு பக்கமும் மாறி மாறி நின்று அடிக்கப் பழகினான். பிற்காலத்தில் அவரை உலகப் புகழுக்குக் கொண்டுபோனது இந்தப் பழக்கம்தான்.

பள்ளியில் அமெரிக்க ஃபுட்பால் ஆடும்போது இடது காலில் ஒரு உதை விழுந்தது. எலும்பில் கிருமித்தொற்று ஏறியது. காலை எடுக்கவேண்டியிருக்கும் என்கிற அளவுக்குப் போனது. அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்த பெனிசிலின் அந்தக் காலைக் காப்பாற்றியது. மிக்கியின் வாழ்க்கையில் மருத்துவம் கடைசி நேரத்தில் கைகொடுத்தது அது முதல் முறை.

1951-ல் 19 வயதில் யாங்கீஸ் அணிக்கு வந்தார். சில மாதங்களிலேயே ஃபார்ம் போய், கன்சாஸ் சிட்டியில் இருந்த இரண்டாம் நிலை அணிக்கு அனுப்பிவிட்டார்கள். மனசு விட்டுப்போய், ஆட்டத்தையே விட்டுடறேன்னு அப்பாவுக்கு போன் போட்டார். அப்பா நேரில் வந்தார். ஆறுதல் சொல்லவில்லை. மகனின் பெட்டியை எடுத்து வைத்து, துணிகளை அதில் அடுக்க ஆரம்பித்தார். என்னோடு சுரங்கத்துக்கே வந்துடு என்பதுதான் அதற்கு அர்த்தம். மிக்கி போகவில்லை. சீக்கிரமே யாங்கீஸுக்குத் திரும்பினார்.

அதே ஆண்டு அக்டோபரில் வேர்ல்டு சீரிஸ். இரண்டாவது ஆட்டத்தில் பந்தைப் பிடிக்க ஓடியபோது மைதானத்தில் இருந்த ஒரு வடிகால் மூடியில் ஷூ சிக்கி, வலது முழங்கால் போனது. மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் டாக்ஸியிலிருந்து இறங்கும்போது அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்த எடையைத் தாங்க முடியாமல் அப்பா அங்கேயே சரிந்து விழுந்தார். இருவரையும் ஒரே அறையில் அட்மிட் செய்தார்கள். மீதி ஆட்டங்களை அப்பாவும் மகனும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்தபடி டிவியில் பார்த்தார்கள்.

மகனுக்கு முழங்கால். அப்பாவுக்கு ஹாட்ஜ்கின் என்ற நிணநீர் மண்டலப் புற்றுநோய். 1952 மே மாதம், 40 வயதில் அப்பா இறந்துபோனார்.

நாற்பதைத் தாண்ட மாட்டேன்!

மிக்கியின் குடும்பத்தில் ஆண்கள் நீண்ட ஆயுள் வாழ்ந்ததில்லை. தாத்தாவும் சித்தப்பா, பெரியப்பாக்களும் சீக்கிரமே போய்ச் சேர்ந்தவர்கள். அப்பாவும் போனதும், தானும் நாற்பதைத் தாண்டப் போவதில்லை என்று மிக்கி முடிவே கட்டிவிட்டார். சாகத்தானே போறோம், அதுக்கு முன்னாடி அனுபவிச்சுடலாம் என்ற மனநிலை. கையில் பணம், சுற்றிலும் நியூயார்க், ஆட்டம் முடிந்ததும் நண்பர்கள், பார். குடி அப்படித்தான் உள்ளே வந்தது.

ஆனால், ஆட்டத்தில் அது பல வருடங்கள் தெரியவே இல்லை. 18 சீசன்கள், 536 ஹோம் ரன்கள் (பந்தை மைதானத்துக்கு வெளியே அடிப்பது, நம்ம சிக்ஸர் மாதிரி). 7 வேர்ல்டு சீரிஸ் கோப்பைகள். லீகின் மிகச்சிறந்த வீரர் விருது 3 முறை. 1956-ல் பேட்டிங் சராசரி, ஹோம் ரன், எடுத்துக்கொடுத்த ரன்கள் என மூன்றிலும் முதலிடம். வேர்ல்டு சீரிஸில் மட்டும் அவர் அடித்த 18 ஹோம் ரன்கள் இன்றுவரை சாதனை.

இத்தனையையும் சேதமான முழங்கால்களோடு செய்தார். ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் காலில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டுதான் இறங்குவார். காயம், ஆபரேஷன், ரத்தம் ஏற்றுதல் எல்லாம் சகஜமாகிவிட்ட உடம்பு. அந்த ரத்தம் ஏற்றுதலை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால் வரும்.

1969 மார்ச்சில் ஓய்வை அறிவித்தார். அந்த ஆண்டு ஜூன் 8-ம் தேதி யாங்கீ ஸ்டேடியத்தில் 60,000-க்கும் அதிகமானோர் கூடி அவரைக் கொண்டாடினார்கள். அவருடைய 7-ம் எண் ஜெர்சி இனி யாருக்கும் இல்லை என்று அறிவிக்கப்பட்டது.

ஆட்டம் போனதும் குடி மட்டும் மிச்சமானது. காலையில் எழுந்ததுமே பிராந்தியில் காபி லிக்கரும் க்ரீமும் கலந்து குடிக்கிற அளவுக்குப் போனார். மனைவி மெர்லினும் குடிக்கு ஆளானார். மகன்கள் நான்கு பேர் வளர்ந்ததும் அப்பாவோடு சேர்ந்து குடித்தார்கள். நேற்று யாரோடு பேசினோம், எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகத் தொடங்கியது. நாற்பது வயது எப்போதோ தாண்டியிருந்தது. இத்தனை வருஷம் இருப்பேன்னு தெரிஞ்சிருந்தா உடம்பைக் கொஞ்சம் ஒழுங்கா பார்த்துக்கிட்டிருப்பேனே என்று மேடைகளில் ஜோக் அடிப்பார். கூட்டம் சிரிக்கும்.

குடியை நிறுத்தினார்... ஆனாலும்!

1993 கடைசியில் கல்லீரல் மோசமாக இருப்பதாக டாக்டர் எச்சரித்தார். அடுத்து குடிக்கும் ஒரு கிளாஸே கடைசியாக இருக்கலாம் என்கிற நிலை. மகன் டேனி ஏற்கெனவே குடிமீட்பு சிகிச்சைக்குப் போய்வந்திருந்தார். அப்பாவும் அவர் வழியில் போனார். 1994 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் பெட்டி ஃபோர்டு மையத்தில் சேர்ந்தார்.

அங்கே சிகிச்சையின் ஒரு பகுதியாக, இறந்துபோன அப்பாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள். நாற்பது வருடங்களுக்கும் மேலாகச் சொல்லாமல் வைத்திருந்த விஷயங்களை எழுதினார். மைதானத்தில் எத்தனையோ பந்துகளைச் சந்தித்த மனிதருக்கு அந்தக் கடிதம்தான் கஷ்டமாக இருந்தது.

மையத்திலிருந்து வெளியே வந்து சில வாரங்களிலேயே பெரிய அடி. மார்ச் மாதம் மகன் பில்லி 36 வயதில் மாரடைப்பில் இறந்தார். தாத்தாவைப் போலவே அவருக்கும் ஹாட்ஜ்கின் புற்றுநோய் இருந்தது. அந்தத் துக்கத்திலும் மிக்கி கிளாஸைத் தொடவில்லை. அதன் பிறகு கடைசிவரை தொடவே இல்லை. தன் குடியைப் பற்றி ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழில் வெளிப்படையாகப் பேசினார்.

ஆனால், நாம் மனசு மாறிய தேதியிலிருந்து உடம்பு கணக்கை ஆரம்பிப்பதில்லை. பழைய பாக்கி அப்படியே இருந்தது.

கல்லீரலுக்கு மூன்று பக்க அடி

1995 மே 28. தாங்க முடியாத வயிற்றுவலியோடு டாலஸில் உள்ள பேலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பரிசோதனைகளில் தெரிந்தது இதுதான்: கல்லீரல் ஒன்றல்ல, மூன்று பிரச்னைகளால் தாக்கப்பட்டிருந்தது.

முதலாவது, பல வருடக் குடியால் வந்த சிரோசிஸ் என்ற கல்லீரல் சுருக்கம். இரண்டாவது, ஹெபடைடிஸ் சி வைரஸ். பழைய ஆபரேஷன்களில் ஏற்றிய ரத்தம் வழியாக வந்திருக்கலாம் என்று டாக்டர்கள் கருதினார்கள். அந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதே 1989-ல்தான். அதற்கு முன்னால் தானமாக வரும் ரத்தத்தில் அதைச் சோதிக்க வழியே கிடையாது. மூன்றாவது, கல்லீரல் புற்றுநோய்.

இவை மூன்றும் தனித்தனி இல்லை. மதுவும் வைரஸும் கல்லீரல் செல்களைத் திரும்பத் திரும்பக் காயப்படுத்தும். கல்லீரல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் உறுப்பு. ஆனால், வருடக்கணக்கில் காயம் தொடர்ந்தால் சரியாகும் இடமெல்லாம் தழும்பாகிவிடும். இப்படி ஓயாமல் அழிந்து, வளர்ந்து கொண்டேயிருக்கும் செல்களில் ஏதோ ஒன்று தடம் மாறுகிறது. அதுதான் புற்றுநோய்க்குத் தொடக்கம்.

கட்டியை மட்டும் வெட்டி எடுத்தால் போதாதா? நல்ல கல்லீரலாக இருந்தால் ஒரு பகுதியை எடுத்தாலும் மீதி வளர்ந்துகொள்ளும். தழும்பேறிய கல்லீரலில் அது நடக்காது. மிச்சம் இருப்பது வேலையைத் தாங்காது. அதனால்தான் இப்படிப்பட்டவர்களுக்கு மாற்று அறுவை சிகிச்சை யோசிக்கப்படுகிறது. கட்டியும் போகும், கெட்டுப்போன கல்லீரலும் போகும்.

ஜூன் 8, ஒரு சர்ச்சை

மிக்கியின் பெயர் காத்திருப்போர் பட்டியலில் ஏறியது. ஓரிரு நாளிலேயே கல்லீரல் கிடைத்துவிட்டது. 1995 ஜூன் 8-ல் ஆபரேஷன். யாங்கீ ஸ்டேடியத்தில் அவருடைய ஜெர்சிக்கு விடை கொடுத்து சரியாக 26 ஆண்டுகள்.

நாடே கொந்தளித்தது. எத்தனையோ பேர் மாதக்கணக்கில் காத்திருக்கும்போது இவருக்கு மட்டும் எப்படி இவ்வளவு சீக்கிரம்? பிரபலம் என்பதாலா? அதுவும் குடித்துக் குடித்துக் கெடுத்துக்கொண்டவருக்கா?

கல்லீரல் கொடுப்பதில் வரிசை என்பது ரேஷன் கடை வரிசை மாதிரி இல்லை என்று டாக்டர்கள் விளக்கினார்கள். ரத்த வகை பொருந்த வேண்டும், உறுப்பின் அளவு பொருந்த வேண்டும், எல்லாவற்றையும்விட யார் சாவுக்கு மிக அருகில் இருக்கிறார் என்று பார்ப்பார்கள். அந்தப் பகுதியின் பட்டியலில் அப்போது மிக மோசமான நிலையில் இருந்தவர் மிக்கி என்றார்கள். எல்லோரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் இறந்த பிறகும் இந்த விவாதம் ஓயவில்லை. கேள்வியும் நியாயமானதுதான். கல்லீரல் கிடைக்காமலேயே போகிறவர்கள் இருக்கும்போது, ஒருவருக்குக் கொடுப்பது இன்னொருவருக்குக் கொடுக்காமல் இருப்பதும்கூட.

இந்தப் பாரம் மிக்கியின் தோளில்தான் விழுந்தது. ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவருக்குக் காத்திருந்தது புதுக் கல்லீரல் மட்டுமில்லை. அதற்குத் தகுதியானவரா என்று ஊரே கேட்ட கேள்வியும்தான்.

ஆபரேஷன் முடிஞ்சா எல்லாம் முடிஞ்சுதா?

சினிமாவில் ஆபரேஷன் தியேட்டர் சிவப்பு விளக்கு அணைந்ததும் டாக்டர் சிரித்துக்கொண்டே வருவார், கதை சுபம். நிஜத்தில் கதை அங்கேதான் ஆரம்பிக்கும்.

புதுக் கல்லீரலை உடம்பு அந்நியப் பொருளாகத்தான் பார்க்கும். நம்மைக் கிருமிகளிடமிருந்து காக்கும் எதிர்ப்பு சக்தி, அதே வேகத்தில் புது உறுப்பையும் தாக்கும். அதைத் தடுக்க எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகள் கொடுக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் வாழ்நாள் முழுக்க அதை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு விலை உண்டு. சாதாரணக் காய்ச்சல்கூட ஆபத்தாகலாம். கை நடுங்கலாம், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறலாம், சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

புற்றுநோய் இருந்தவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தப்பித்து ஒளிந்திருக்கும் புற்றுநோய் செல்களைக் கண்காணிப்பதும் அதே எதிர்ப்பு சக்திதான். கல்லீரலைக் காப்பாற்றக் காவலரை உட்காரவைத்தால், திருடனுக்கும் வழி திறக்கிறது. மிக்கிக்கு நடந்தது இதுதான். கல்லீரலை எடுத்தபோதே, பித்தநாளப் பகுதியில் நுண்ணிய அளவில் புற்றுநோய் செல்கள் மிச்சம் இருப்பது தெரிந்திருந்தது. அவற்றை அழிக்க கீமோதெரபியும் ஆரம்பித்தார்கள்.

ஆக, ஒரே நேரத்தில் பெரிய ஆபரேஷனின் காயம், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து, கீமோ என மூன்றையும் அந்த உடம்பு தாங்கவேண்டியிருந்தது. உடம்பு வேகமாக மெலிந்தது. தோளும் புஜமும்தான் ஒரு காலத்தில் அவருடைய அடையாளம். அதுதான் முதலில் கரைந்தது. தொடர்ந்து கீமோ ரத்த அணுக்களைக் குறைத்தது. ரத்தசோகை வந்து, ரத்தம் ஏற்றவேண்டியிருந்தது.

புற்றுநோய் சிகிச்சை எடுத்தவர்கள் வீட்டில் இருந்தால் இந்தச் சோர்வு உங்களுக்குத் தெரிந்திருக்கும். தூங்கி எழுந்தால் போகிற களைப்பு இல்லை இது. பல் தேய்த்துவிட்டு வந்தாலே உட்காரத் தோன்றும். வெளியே இருப்பவர்களுக்கு அது சோம்பேறித்தனமாகக்கூடத் தெரியும். ஆபரேஷன்தான் ஆயிடுச்சே, இன்னும் என்ன என்று கேட்பார்கள்.

ஜூன் 28-ல் மிக்கி டிஸ்சார்ஜ் ஆனார். அவர் பேருக்குக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்துகொண்டிருந்தன.

ஜூலை 11, கேமரா முன்னால்

மிக்கி விரும்பியிருந்தால் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கலாம். பழைய போட்டோக்களில் இருக்கும் வாட்டசாட்டமான மிக்கியாகவே ஜனங்கள் மனதில் இருந்திருப்பார். யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். அவரோ ஜூலை 11-ம் தேதி மருத்துவமனையிலேயே பத்திரிகையாளர் சந்திப்புக்கு வந்தார். அன்றைக்கு அதே டெக்ஸஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனில் பேஸ்பால் ஆல் ஸ்டார் ஆட்டம். விளையாட்டு நிருபர்கள் எல்லோருமே பக்கத்தில்தான் இருந்தார்கள்.

தொப்பி பெரிதாகத் தெரிந்தது, முகம் சின்னதாகிவிட்டது. கழுத்து ஒட்டிப்போயிருந்தது. பார்த்தவர்கள் அதிர்ந்தார்கள். அவர் அந்த உடம்பை மறைக்கவில்லை, அதற்கு எந்தச் சாக்கும் சொல்லவில்லை. இதுதான் முன்மாதிரி என்று தன்னையே காட்டி, குழந்தைகள் யாரும் தன்னைப் போல ஆகிவிடக் கூடாது என்றார். கடவுள் தனக்கு நல்ல உடம்பையும் திறமையையும் கொடுத்தார், தான் அதை வீணாக்கிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். கல்லீரல் கொடுத்த குடும்பத்துக்கு நன்றி சொன்னார். இனி உறுப்பு தானத்துக்காக வேலை செய்யப்போவதாகச் சொன்னார். இடையிடையே பழைய மிக்கி மாதிரி ஜோக்கும் அடித்தார்.

அவரைத் திட்டிக்கொண்டிருந்த பலர் அன்றைக்கு அமைதியானார்கள். தனக்குத் தகுதி இருக்கிறது என்று அவர் வாதாடவே இல்லை. கிடைத்ததை வைத்து என்ன செய்யலாம் என்றுதான் பேசினார்.

சிகிச்சைக்குப் பிறகான வாழ்க்கையில் பெரிய சுமை வலி மட்டும் இல்லை. பழைய ஆளாகத் திரும்பி வந்தே ஆகணும் என்று சுற்றி இருப்பவர்கள் எதிர்பார்ப்பதும், தானே தன்னிடம் எதிர்பார்ப்பதும் ஒரு சுமைதான். மிக்கி அந்தச் சுமையை அன்றைக்கு இறக்கி வைத்தார். பழைய ஹீரோவாகத் திரும்பி வரப்போவதில்லை என்பதை ஊருக்கே காட்டினார். இப்போது இருக்கும் ஆளால் முடிந்த வேலையைக் கையில் எடுத்தார்.

'மிக்கீஸ் டீம்' என்ற பெயரில் உறுப்பு தான விழிப்புணர்வுத் திட்டம் பிறந்தது. குழந்தைகள் சேகரிக்கும் பேஸ்பால் கார்டு மாதிரியே உறுப்பு தான அட்டைகள் தயாராகின. மைதானங்களில் அவை விநியோகிக்கப்பட்டன.

ஆகஸ்ட்

ஜூலை கடைசியில் ரத்தசோகைக்காக மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தார். எடுத்த ஸ்கேனில் நுரையீரலிலும் புற்றுநோய் தெரிந்தது. ஆகஸ்ட் 1-ம் தேதி, பதிவு செய்யப்பட்ட ஒரு வீடியோ மூலம் அதையும் தானே மக்களுக்குச் சொன்னார். முன்பைவிட இன்னும் மெலிந்திருந்தார். குரலில் பரபரப்பு இல்லை.

அதற்குப் பிறகு நோய் பரவிய வேகம் டாக்டர்களையே திகைக்க வைத்தது. புதுக் கல்லீரல் நன்றாகத்தான் வேலை செய்தது. புற்றுநோய்தான் முந்திக்கொண்டது. குணப்படுத்தும் முயற்சியிலிருந்து, வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளும் கவனிப்புக்கு மாறினார்கள்.

பழைய டீம் ஆட்கள் பார்க்க வந்தார்கள். மிக்கியோடு சேர்ந்து நியூயார்க் இரவுகளைக் கலக்கிய வைட்டி ஃபோர்டு வந்தார். அந்த இரவுகள் எதிலும் சேராத, மதுவைத் தொடாத பக்திமான் பாபி ரிச்சர்ட்சனும் வந்தார். மனைவி மெர்லின் பல வருடங்களாகவே பிரிந்து வாழ்ந்தார், ஆனால் விவாகரத்து ஆகவில்லை. கடைசி நாள்களில் அவர்தான் பக்கத்தில் இருந்தார்.

1995 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, மெர்லினும் மகன் டேவிட்டும் அருகில் இருக்க, மிக்கி மேன்டில் இறந்தார். இறுதிச் சடங்கை நடத்தி வைத்தவர் பாபி ரிச்சர்ட்சன்.

அதற்குப் பிறகு என்ன மாறியது?

மிக்கி இறந்த மறு ஆண்டே, 1996-ல், இத்தாலியின் மிலான் நகர மருத்துவர்கள் முக்கியமான ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே கட்டியாக இருந்தால் 5 செ.மீ-க்குள், அதிகபட்சம் 3 கட்டிகள் என்றால் ஒவ்வொன்றும் 3 செ.மீ-க்குள், ரத்தக்குழாயிலோ வெளியிலோ பரவாமல் இருக்க வேண்டும். இப்படித் தேர்ந்தெடுத்த 48 பேருக்குக் கல்லீரல் மாற்றியதில், 4 ஆண்டுகள் கடந்து உயிரோடு இருந்தவர்கள் சுமார் 75 சதவிகிதம். இன்றைக்கு உலகம் முழுக்க 'மிலான் அளவுகோல்' என்று பயன்படுத்துவது இதைத்தான். புற்றுநோய் கல்லீரலைத் தாண்டிவிட்டால் மாற்று சிகிச்சை உதவாது என்பதும் தெளிவானது. 2002 முதல் அமெரிக்காவில் யாருக்கு முன்னுரிமை என்பதை ரத்தப் பரிசோதனை எண்களை வைத்துக் கணக்கிடும் முறையும் வந்தது.

ஹெபடைடிஸ் சி-க்கு இன்று 8 முதல் 12 வாரங்கள் சாப்பிடும் மாத்திரைகள் இருக்கின்றன. 95 சதவிகிதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வைரஸ் முற்றிலும் போய்விடுகிறது. மிக்கியின் காலத்தில் இது கனவு.

வீட்டில் யாராவது இந்தக் கட்டத்தில் இருந்தால்...

* கல்லீரல் மாற்றிக்கொண்டவருக்குக் காய்ச்சல் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள்.

* எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது. மொபைலில் அலாரம் வையுங்கள். வலி மாத்திரை, நாட்டு மருந்து, ஊட்டச்சத்துப் பவுடர் எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். பம்ளிமாஸ் மாதிரி சில பழங்கள்கூட இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

* பசி இருக்காது. மூன்று வேளை நிறையச் சாப்பிட வற்புறுத்துவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுப்பது நல்லது. நன்றாக வேகவைத்த, சுத்தமான சாப்பாடு. புரதம் எவ்வளவு என்பதை டாக்டரோ டயட்டீஷியனோ சொல்லட்டும்.

* எடை, கால் வீக்கம், வயிறு உப்பல், மஞ்சள் நிறம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். சட்டென்று மாற்றம் தெரிந்தால் சொல்லுங்கள்.

* மெலிந்துட்டீங்களே என்று பார்க்கும் எல்லோரும் சொல்ல வேண்டாம். அது அவருக்கே தெரியும். இன்னிக்கு என்ன முடியும், எது வேணும்னு கேளுங்கள்.

* குடியால் வந்த நோய் என்றால் வீட்டில் கோபம் இருக்கும். அது இயல்பு. ஆனால், சிகிச்சை அறை கோர்ட் இல்லை. மெர்லினுக்கும் அந்த மகன்களுக்கும் கோபப்பட நிறையக் காரணங்கள் இருந்தன. இருந்தும் கடைசியில் பக்கத்தில் இருந்தார்கள்.

இன்னொரு விஷயம். உறுப்பு தானம் செய்ய உங்களுக்கு விருப்பம் இருந்தால், அட்டையில் கையெழுத்துப் போடுவதோடு நிறுத்தாமல், அதை வீட்டிலும் சொல்லிவையுங்கள். அந்த நேரம் வரும்போது டாக்டர்கள் கேட்பது குடும்பத்தைத்தான். மிக்கிக்குக் கல்லீரல் கிடைத்ததும் துக்கத்தில் இருந்த ஒரு குடும்பம் சரி என்று சொன்னதால்தான். அந்தக் குடும்பத்துக்குத்தான் அவர் ஜூலை 11 அன்று, ஒட்டிய கன்னத்தோடு, தொப்பியை அணிந்தபடி உட்கார்ந்து நன்றி சொன்னார்.